மேடு ஏறும் இன்ஜின்

டியூனிங் என்றதும் பலருக்கு டாப் ஸ்பீடுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு மேடு நினைவுக்கு வரும். நேர் ரோட்டில் பின்காற்றும் சேர்ந்துகொண்டால் எந்த ஸ்கூட்டரும் கொஞ்சம் கூடுதலாக ஓடிக் காட்டிவிடும். பின்னால் ஒரு ஆள், காலடியில் ஒரு மூட்டை, முன்னால் மருதமலை ஏற்றம். அங்கே மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வரவைப்பதைத்தான் நான் டியூனிங் என்று சொல்வேன்.

என் பட்டறைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை எல்எம்எல் வெஸ்பா. கான்பூரில் செய்த வண்டி, இத்தாலியின் பியாஜியோ கொடுத்த வரைபடம். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனாலும் கோயம்புத்தூரின் சந்துகளில் இந்த வண்டிகள் இன்னும் கிக்கரை மிதித்தால் புகையோடு எழுந்து நிற்கின்றன. போர் 57.8 மி.மீ., ஸ்ட்ரோக் 57 மி.மீ., கொள்ளளவு 150 சி.சி.க்குச் சற்றுக் குறைவு. கையில் கிடைக்கும் சக்தி எட்டுக் குதிரைத்திறன் அளவுதான். பெரிய பைக்கில் ஒரு குதிரை எங்காவது கசிந்து போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இதில் அரைக் குதிரை போனாலும் மேட்டில் தெரிந்துவிடும். ஆகவே இந்த இன்ஜினில் சக்தியைக் கூட்டுவதற்கு முன்னால், அது எங்கெங்கே இழக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன்: வண்டி கேட்கும் இழுவையில் பெரும்பகுதி, இழந்ததை மீட்டாலே கிடைத்துவிடும்.

சைலன்சரைத் துளைத்துச் சத்தம் ஏற்றுவதை நான் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அது ஒரு காரணம். தெருவில் தூங்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், அது அதைவிடப் பெரிய காரணம். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதே சிலிண்டர், அதே கார்பரேட்டர், அதே சைலன்சர். ஒவ்வொன்றையும் அளந்து, தொழிற்சாலைக்கு நேரமில்லாமல் விட்ட வேலையை முடித்துக் கொடுப்பேன். டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி வேறு கணக்கு.

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே நடப்பதைத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். பாதி வேலை கீழே, கிராங்க் கேஸில் நடக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதே கலவையை அழுத்தி டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே தள்ளுகிறது. கிராங்க் கேஸ் ஒரு பம்ப். பம்ப் கசிந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. கசியும் இடங்களில் முக்கியமானவை கிராங்கின் இரண்டு ஆயில் சீல்கள். மேக்னெட் (ஃப்ளைவீல்) பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும், ஸ்லோ ஸ்பீடு நிற்காது, கடைசியில் பிஸ்டன் ஜாம் ஆகும். கிளச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் குடிக்க ஆரம்பிக்கும். வெள்ளைப் புகை விடாமல் வரும்.

இதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்துவது டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தும் மீட்டரும். கார்பரேட்டர் இருக்கும் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் ஷீட் வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, பிளக் துளை வழியாகக் காற்றை அடிப்பேன். முள் 250-க்கு ஏறியதும் பந்தின் திருகை மூடிவிட்டு, டீ குடித்து முடிக்கிற நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். முள் நின்ற இடத்தில் நின்றால் இன்ஜின் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. மெல்ல இறங்கினால் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பேஸ் கேஸ்கெட்டின் ஓரம், கேஸின் இரண்டு பாதியும் சேரும் கோடு, மேக்னெட்டைக் கழற்றினால் தெரியும் சீல் உதடு, இவற்றில் ஏதாவது ஓரிடத்தில் குமிழி விடும். மேட்டில் தம் இல்லை என்று வருகிற வண்டிகளில் பல இந்த ஒரு சோதனையிலேயே தங்கள் நோயைச் சொல்லிவிடுகின்றன.

இந்த இன்ஜினில் இன்னொரு நுட்பம் உண்டு. கலவை உள்ளே வரும் வழியைத் திறந்து மூடுவது தனி வால்வு கிடையாது, கிராங்கின் வட்டத் தகடே அந்த வேலையைச் செய்கிறது. கேஸில் கடைந்த ஒரு வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டு, தாள் கனத்துக்கும் குறைந்த இடைவெளியில் அந்தத் தகடு சுழல்கிறது. தகட்டில் வெட்டிய பகுதி வரும்போது வழி திறக்கும், போனதும் மூடும். (எல்எம்எல்லிலேயே ரீடு வால்வு வைத்த இன்ஜின்களும் உண்டு, அவற்றில் இந்தக் கவலை இல்லை.) எப்போதோ உடைந்த பேரிங்கின் துணுக்கு அந்தப் பரப்பில் ஒரு கீறல் போட்டிருந்தால், அழுத்தும்போது கலவை கார்பரேட்டருக்கே திரும்பித் துப்பும். ஏர் ஃபில்டர் எப்போதும் பெட்ரோலில் நனைந்து கிடக்கும். கேஸைப் பிரித்ததும் நகத்தால் அந்தப் பரப்பைத் தடவிப் பார்ப்பது என் பழக்கம். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால், டியூனிங் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வண்டிக்காரரிடம் வேறு கேஸ் தேடச் சொல்வேன்.

இனி மேலே போவோம். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி. ஸ்குவிஷ் என்று சொல்கிறோம். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது ஓரத்தில் இருக்கும் கலவை அந்தக் குறுகிய இடைவெளியிலிருந்து நசுங்கி நடுவே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் கலவை கலங்குவதால் தீ வேகமாகப் பரவும், ஓரத்தில் தானாகப் பற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. இடைவெளி அதிகமாக இருந்தால் இந்தப் பாய்ச்சல் நடப்பதில்லை. ஓரத்துக் கலவை சோம்பேறியாகக் கிடந்து, கடைசியில் அரைகுறையாக எரிகிறது, அல்லது நாக்கிங் அடிக்கிறது.

அளப்பதற்கு ரேடியோ மெக்கானிக் கடையில் கிடைக்கும் ஈயக் கம்பி போதும், 3 மி.மீ. கனம். பிஸ்டன் பின் எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் இரண்டு பக்கமும், கம்பியின் நுனி சிலிண்டர் சுவரைத் தொடுமாறு, கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒட்ட வேண்டும். முன்பின்னாக வைத்தால் பிஸ்டன் பின்னின் மேல் ஆடிக் கொடுத்துவிடும், அளவு பொய் சொல்லும். ஹெட்டை வைத்து நான்கு நட்டையும் முறையாக இறுக்கி, மேக்னெட்டைக் கையால் பிடித்து உச்சியைக் கடத்திச் சுற்ற வேண்டும். கம்பி நசுங்குவது உள்ளங்கையில் தெரியும். பிறகு ஹெட்டைக் கழற்றிக் கம்பியின் நுனியை வெர்னியரில் வைத்துப் பார்க்கலாம். கம்பெனி வண்டிகளில் 2 மி.மீ.க்கு மேல் வருவது சகஜம். நான் குறிவைப்பது 1.2, 1.3. அதற்குக் கீழே போவதில்லை. சூட்டில் கான்ராடு நீளும், பழைய பேரிங்கில் ஆட்டம் இருக்கும், கார்பன் படியும். இவை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

எதைச் செதுக்கி இடைவெளியைக் குறைப்பது என்பதில் யோசனை தேவை. ஹெட்டின் முகத்தை லேத்தில் கொடுத்து எடுத்தால் போர்ட்டுகளின் நேரம் மாறாது. சிலிண்டரின் அடியை எடுத்தால் சிலிண்டர் முழுவதும் கீழே இறங்கும், போர்ட்டுகள் தாமதமாகத் திறக்கும். இழுவைக்கு ஹெட்டை எடுப்பதே நல்லது. கணக்கும் எளிது. உச்சியில் மிஞ்சும் கொள்ளளவை பிளக் துளை வழியாக சிரிஞ்சில் ஆயில் விட்டு அளக்கிறேன். அது 21.4 சி.சி. இருந்தால் அழுத்த விகிதம் 8-க்கு 1. ஹெட்டில் 1 மி.மீ. எடுத்தால் 57.8 மி.மீ. போரில் 2.6 சி.சி. குறையும், விகிதம் ஏறத்தாழ 9 ஆகிவிடும். ஃபேன் காற்றில் குளிரும் வார்ப்பிரும்புச் சிலிண்டருக்கு, நம் ஊர் வெயிலில், அது போதும். இந்த ஹெட்டுக்குக் கேஸ்கெட் கிடையாது, உலோகத்தோடு உலோகம்தான் உட்கார வேண்டும். லேத்திலிருந்து வந்ததும் தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, எட்டுப் போடுவதுபோல ஹெட்டைத் தேய்த்து, முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறம் வரும்வரை விடுவதில்லை.

என்னிடம் வேலை பழகும் பையன் ஒருமுறை கேட்டான்: "ஏனுங்ணா, இத்தனை தேய்ச்சு என்னங்ணா ஆகப்போகுது? நட்டை இறுக்குனா உக்காந்துக்காதுங்களா?" தேய்த்த ஹெட்டையும் தேய்க்காத ஹெட்டையும் ஒரே சிலிண்டரில் மாற்றி மாற்றி வைத்து, பழைய ரத்த அழுத்தப் பந்தை அடிக்கச் சொன்னேன். முள் இறங்கியதைப் பார்த்த பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இப்போது என்னைவிடப் பொறுமையாகத் தேய்க்கிறான்.

போர்ட்டுகளுக்கு வருவோம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு கிரைண்டரைக் கையில் எடுக்கிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது டிகிரி வட்டு. மேக்னெட் பக்கம் கிராங்கின் நுனியில் வட்டைப் பொருத்தி, ஒரு கம்பி முள் வைத்து, உச்சியைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு அருகே சில டிகிரி நகர்ந்தாலும் மேலே கீழே அசைவதே தெரியாது, கண்ணால் பார்த்து உச்சி என்று சொல்ல முடியாது. பிளக் துளையில் ஒரு போல்ட்டை இறக்கிப் பிஸ்டனை வழியிலேயே தடுத்து, வலமாகச் சுற்றி முட்டும் இடத்தையும் இடமாகச் சுற்றி முட்டும் இடத்தையும் குறித்துக்கொண்டால், இரண்டுக்கும் நட்ட நடுவே உச்சி இருக்கும். அதன் பிறகு எக்ஸாஸ்ட் போர்ட் திறப்பது முதல் மூடுவது வரை எத்தனை டிகிரி, டிரான்ஸ்ஃபர் எத்தனை டிகிரி என்று எழுதிக்கொள்ளலாம்.

மேட்டு வண்டிக்கு எக்ஸாஸ்ட் 170, டிரான்ஸ்ஃபர் 120, இந்த அளவைத் தாண்ட நான் விரும்புவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, 25 டிகிரி. எரிந்த புகை வெளியேறி அழுத்தம் இறங்கக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். 6,000 சுற்றில் அது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அவகாசம் குறைந்தால், டிரான்ஸ்ஃபர் திறக்கும்போது மேலே இருக்கும் அழுத்தம் புகையைக் கீழே தள்ளிவிடும், புதுக் கலவை கெட்டுப்போகும். சிலர் சிலிண்டருக்கு அடியில் தடித்த பேக்கிங் வைத்துத் தூக்கி, போர்ட்டை உயர்த்திவிட்டதாக நினைக்கிறார்கள். 1 மி.மீ. தூக்கினால் எக்ஸாஸ்ட் சுமார் 4 டிகிரி கூடும், டிரான்ஸ்ஃபர் 5 டிகிரிக்கு மேல் கூடும். கிராங்க் சுற்றும் கோணத்தில் பிஸ்டனின் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் வித்தியாசம் இது. விளைவாக, எந்த அவகாசம் வேண்டுமோ அது குறைந்துபோகிறது. தூக்கினால் எக்ஸாஸ்ட்டின் மேல்விளிம்பை அரத்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றியே ஆக வேண்டும்.

அகலமும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் வாய் போரில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் ரிங் வெளியே புடைத்து மாட்டும். ரிங்கின் முனைகளைப் பிடித்து நிறுத்தும் சின்ன முளை எங்கே இருக்கிறது, அந்த முனைகள் எந்தப் போர்ட்டின் மேல் ஏறி இறங்குகின்றன என்று பார்க்காமல் ஒரு மி.மீ. கூட அகலப்படுத்தக் கூடாது. வெட்டி முடித்ததும் விளிம்புகளைச் சுற்றிலும் மழுக்க வேண்டும், விரலை வைத்தால் பிளேடுபோல வெட்டக் கூடாது.

நான் அதிக நேரம் செலவிடுவது டிரான்ஸ்ஃபர் வழிகளில். கேஸில் இருக்கும் வாயும் சிலிண்டரில் இருக்கும் வாயும் பல வண்டிகளில் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒரு படி நிற்கும். கலவை அந்தப் படியில் முட்டித் திரும்புகிறது. பேஸ் கேஸ்கெட்டையே அச்சாக வைத்து, மார்க்கிங் நீலம் தடவிக் கோடு கிழித்து, கேஸின் பக்கத்தில் சின்ன கட்டரால் எடுத்துப் பொருத்துகிறேன். ஆனால் சிலிண்டருக்குள் டிரான்ஸ்ஃபர் திறக்கும் கோணத்தைத் தொடுவதில்லை. அது ஜெர்மானிய இன்ஜினியர் அடால்ஃப் ஷ்னூர்லே 1920-களில் கண்ட வழி. இரண்டு பக்கத்துத் தாரைகளும் எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ச் சுவரை நோக்கிப் போய், அங்கே சேர்ந்து, மேலே ஏறி, ஹெட்டில் திரும்பி, புகையைத் தங்களுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கும். அதற்கு முன்னால் பிஸ்டன் தலையில் பெரிய மேடு வைத்துக் கலவையைத் திருப்பினார்கள். பிஸ்டன் கனத்தது, சூடேறியது. கோணத்தை மட்டும் வைத்து அந்த மேட்டையே இல்லாமல் செய்தது இந்த யோசனை. அதன் மேல் கட்டர் வைக்க எனக்கு மனம் வராது. உள்ளே வரும் வழிகளைக் கண்ணாடிபோலப் பாலிஷ் செய்வதும் வேண்டாம், உப்புத்தாளின் சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் துளி சுவரில் ஒட்டி ஓடாது. எக்ஸாஸ்ட் வழிக்கு மட்டும் பாலிஷ் நல்லது, கார்பன் பிடிக்க நேரமாகும்.

சைலன்சர் டூ-ஸ்ட்ரோக்குக்குச் சத்தத்தைக் குறைக்கும் டப்பா மட்டுமில்லை, அது இன்ஜினின் ஒரு பாகம். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதுபோல அந்த அலையும் திரும்பி வரும். விரியும் கூம்பிலிருந்து திரும்பும் அலை உறிஞ்சும். குறுகும் கூம்பிலிருந்து திரும்பும் அலை தள்ளும். முதலாவது, புகையை இழுத்துப் புதுக் கலவையையும் கூடவே இழுக்கிறது. இரண்டாவது, தப்பித்து வெளியே வந்த கலவையைப் போர்ட் மூடுவதற்கு முன்னால் உள்ளே திணிக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ட்ஸோபாவ் ஊரில் எம்இசட் கம்பெனிக்காக இதை விடாமல் ஆராய்ந்தவர் வால்டர் காடன். கையில் நல்ல உலோகம்கூட இல்லாத நாட்டில், 1961-இல் 125 சி.சி. இன்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அந்த ஆண்டே அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் ரேஸின்போது மேற்கே தப்பி, அந்த வித்தையை சுஸுகிக்குக் கொண்டு போனார். அடுத்த வருடம் 50 சி.சி. உலகப் பட்டம் டெக்னருக்கு, சுஸுகி வண்டியில். காடனுக்கு அந்தப் பட்டங்கள் கிடைக்கவில்லை. இன்று உலகில் எங்கே ஒரு டூ-ஸ்ட்ரோக் ரேஸ் வண்டி உறுமினாலும் அவருடைய வேலைதான் உறுமுகிறது.

கணக்குப் போட்டால் ஸ்கூட்டருக்கு இது ஏன் கடினம் என்பது புரியும். சூடான புகையில் அலை வினாடிக்கு 500 மீட்டர் அளவில் ஓடும். எக்ஸாஸ்ட் 170 டிகிரி திறந்திருந்தால், 6,000 சுற்றில் அது 4.7 மில்லி வினாடி. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டுமென்றால் குழாயின் நீளம் 1.2 மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். 8,000 சுற்றுக்கு என்றால் 90 செ.மீ. போதும். அதாவது நீளமான குழாய் கீழ்ச் சுற்றில் இழுக்கும், குட்டைக் குழாய் மேல் சுற்றில் கத்தும். ஸ்கூட்டரின் வயிற்றுக்கு அடியில் 1.2 மீட்டருக்கு இடம் எங்கே? மடித்து வளைக்க வேண்டியிருக்கிறது. டிராக் வண்டிகளுக்கு அப்படி மடித்துச் செய்யும் நல்ல கைகள் இந்த ஊரில் உண்டு. ரேஸர் கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கும் ஊர் அல்லவா. ரோட்டு வண்டிக்கு நான் கம்பெனி சைலன்சரையே வைத்து, உள்ளே அடைத்த கார்பனை முழுவதும் எடுத்து, சிலிண்டர் வாயோடு குழாயின் வாயைப் படியில்லாமல் பொருத்துகிறேன். 'எண்ணெய்ச் சட்டியாட்டம் கனமா இருந்துச்சுங்க, இப்ப கை லேசாத் தூக்குதுங்க' என்று ஒரு பெரியவர் தன் சைலன்சரைக் கையில் வாங்கிப் பார்த்துச் சொன்னார். எடுத்த கார்பன் ஒரு முறம் நிறைய இருந்தது.

மேக்னெட்டை லேத்தில் கொடுத்து எடை குறைக்கச் சொல்பவர்களுக்கு ஒரே பதில்: மேட்டுக்கு வேண்டாம். அந்தக் கனம்தான் கீழ்ச் சுற்றில் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதன் இறக்கைகள்தான் சிலிண்டருக்குக் காற்று. அந்தக் காற்றை ஃபின்களுக்குள் திருப்பும் கவுலை, வேலை முடிந்தபின் மாட்டாமல் தூக்கிப் போடுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எத்தனை நல்ல டியூனிங்கையும் அந்த ஒரு தகரம் இல்லாமை கொன்றுவிடும். இக்னிஷன் விஷயத்தில் உச்சிக்கு 18 டிகிரி முன்னால் என்பதை அடிப்படையாக வைத்து, அழுத்தம் ஏற்றிய இன்ஜினுக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி பின்னால் நகர்த்துகிறேன், அவ்வளவுதான்.

மற்ற எல்லாம் முடிந்த பிறகே கார்பரேட்டர். வெஞ்சுரி 20 மி.மீ., மெயின் ஜெட் 100-க்கு அக்கம்பக்கம். கசிவை அடைத்து, வழிகளைத் திறந்து, சைலன்சரைச் சுத்தம் செய்த இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும். பழைய ஜெட்டோடு விட்டால் பெட்ரோல் போதாமல் சூடேறி ஜாம் ஆகும். அதனால் பெரிய ஜெட்டில் ஆரம்பித்து, வண்டி திக்கித் திணறுவதைக் கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு நம்பராகக் கீழே இறங்க வேண்டும். சின்னதிலிருந்து மேலே ஏறக் கூடாது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் போய், கிளச் பிடித்து, அதே கணம் இன்ஜினை நிறுத்தி, ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கானின் அடிப்பகுதி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் உடனே ஜெட்டை ஏற்று, வீட்டுக்குக்கூட அப்படியே ஓட்டிப் போகாதே.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240. மேலே போகப்போகக் காற்று மெலிந்து, ஊட்டியில் இங்கே இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஜெட்டின் துளை மாறுவதில்லை. பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுத்து, வண்டி குன்னூர் தாண்டியதும் இருமும். கோத்தகிரியில் இருந்து வாரம் ஒருமுறை கீழே வருகிற ஒருவருக்கு, இரண்டு ஜெட்டை ஒரு மருந்து டப்பாவில் போட்டு, எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடிக்கொண்டே நீண்ட இறக்கத்தில் வந்தால், சுற்று அதிகமாக இருக்கும், ஆனால் பெட்ரோலோடு கலந்து வர வேண்டிய ஆயில் வராது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் அவ்வப்போது லேசாக முறுக்கிக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், அதற்குக் குறையக் கூடாது.

இப்போது புதிதாக வந்திருக்கும் சங்கடம் பெட்ரோலில்தான். 2025-லிருந்து பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய, பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். பழைய ஜெட்டில் அது போகும்போது இன்ஜினுக்குக் கலவை மெலிந்ததாகவே படும். நேற்றுவரை பிஸ்கட் நிறம் காட்டிய பிளக் இன்று வெளுக்கிறது. வண்டிக்காரர் எதையும் தொட்டிருக்க மாட்டார். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாயையும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் நுனியையும் இளக்கும். ஆகவே எந்தப் பழைய ஸ்கூட்டர் வந்தாலும், டியூனிங்குக்கு வந்தாலும் சரி, வெறும் ஆயில் மாற்ற வந்தாலும் சரி, முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன். வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டில் ஒன்றோ இரண்டோ நம்பர் ஏற்றி, பெட்ரோல் குழாயை மாற்றி, மருதமலை ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே சாவியைக் கொடுக்கிறேன்.